துரை மார்க்கை என்ன செய்வது?

ஒரு கிலோ டீத்தூள் பாக்கெட்டைக் கையில் எடுத்தால் முதலில் கண்ணில் படுவது தொப்பி. பச்சைப் பின்னணியில் ஒரு மஞ்சள் வட்டம். அதற்குள் வெயில் தொப்பி வைத்த வெள்ளைக்காரர், கையில் கோப்பை. அவருடைய தோளுயரம்கூட இல்லாமல், முதுகில் கூடை சுமந்த ஒரு பெண் பக்கத்தில் நின்று பல் தெரியச் சிரிக்கிறாள். கீழே சிவப்பு எழுத்தில் "துரை மார்க்". அதற்கும் கீழே, கண்ணாடி போட்டால்தான் தெரியும் அளவில், கோத்தகிரி முகவரி.

இதை விற்கும் கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர்கள் கேட்டுக்கொண்டபடி டீத்தூளின் பெயரையும் படத்தையும் சற்று மாற்றியிருக்கிறேன். அசல் பெயரும் இதே ரகம்தான். அசல் படத்திலும் ஒருவர் நிமிர்ந்து நிற்கிறார், ஒருவர் குனிந்து நிற்கிறார்.

கோத்தகிரிக்குப் பக்கத்தில் அவர்களுக்குச் சொந்தமாக ஒரு தொழிற்சாலை இருக்கிறது. தோட்டம் கிடையாது, சிறு விவசாயிகள் கொண்டுவரும் கொழுந்தை வாங்கி அரைக்கிறார்கள். தூளில் ஒரு பகுதி குன்னூர் ஏலத்துக்குப் போகிறது. மீதி பாக்கெட்டாகி மேட்டுப்பாளையம், காரமடை, அன்னூர், சத்தியமங்கலம் என்று கீழே இறங்குகிறது. ஏலத்தில் தொழிற்சாலைக்கு வேறு மார்க்கு. அங்கே துரையின் முகத்தைப் பார்த்து யாரும் விலை சொல்வதில்லை. மாதிரியை ஊற்றி, உறிஞ்சி, துப்பிவிட்டுத்தான் சொல்கிறார்கள். ஆகவே இந்த விவகாரம் முழுக்கப் பாக்கெட்டைப் பற்றியது. அதற்காக இதைச் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். ஏலத்தில் விலை விழுந்த வாரங்களில் தொழிலாளர்களுக்குச் சம்பளம் கொடுத்தது துரைதான்.

என்னை அழைத்தவர் மூன்றாம் தலைமுறைப் பெண். பெங்களூரில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். "தாத்தா வைத்த பெயரை மாற்றலாமா என்று பார்த்துச் சொல்லுங்கள் சார்" என்றார். நான் மலையேறிப் போய் அலுவலகத்தில் உட்கார்ந்ததும் அவருடைய அப்பா டீயை என் பக்கம் நகர்த்தினார். "மாற்றக் கூடாது என்று சொல்வதற்காகத்தானே வந்திருக்கிறீர்கள்?" என்றார். என் வேலை எப்படி இருக்கப்போகிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

பெயர் வந்த வழி

தாத்தா ஒரு வெள்ளைக்காரர் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. வேலையை விட்டபின் ஏலத்தில் விலைபோகாத டஸ்ட்டை, அதாவது பொடித் தேயிலையை வாங்கி, காகித உறையில் போட்டு, கீழே சந்தைகளில் விற்றார். பெயர் வைக்க அவர் ரொம்ப யோசித்ததாகத் தெரியவில்லை. துரை குடிப்பதை நீயும் குடி: அவ்வளவுதான் அதன் உட்பொருள். நல்ல விளம்பரம்தான், ஆனால் பொய். துரை குடித்தது இலைத் தேயிலை. சட்டியில் போட்டு இறக்கினால் நாக்கில் ஒட்டும் டஸ்ட்டை அவர் வாயில் வைத்திருக்க மாட்டார்.

தோட்டத்தில் துரை என்பது ஆள் பெயர் அல்ல, பதவி. மானேஜர் பெரிய துரை, உதவி மானேஜர் சின்ன துரை, மனைவி துரைசாணி, வீடு துரை பங்களா. வெள்ளைக்காரர்கள் கப்பலேறிய பிறகு அந்த நாற்காலியில் குடகரும் மலையாளியும் தமிழரும் உட்கார்ந்தார்கள்; சொல் மட்டும் எழுந்து போகவில்லை. இன்றும் பல தோட்டங்களில் மானேஜரின் ஜீப் வந்தால் "துரை வருகிறார்" என்றுதான் சொல்கிறார்கள். அந்தச் சொல்லோடு கூடவே பெயர்ப்பதிவும் அரைநாள் சம்பளமும் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டின் ஒழுகும் கூரையும் வருகின்றன.

மலையிலிருந்து இறங்கினால் கதை வேறு. கோத்தகிரிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் இடையே முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான். அதற்குள் அந்தச் சொல் குணம் மாறிவிடுகிறது. அண்ணாதுரை, தம்பிதுரை, சின்னதுரை என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கிறோம். வெயில் ஏறிய பிறகும் போர்வைக்குள் கிடக்கும் மகனைப் பார்த்து "துரை இன்னும் எழுந்திருக்கவில்லையோ?" என்று அம்மா கேட்கும்போது அதில் கேலி பாதி, செல்லம் பாதி. காரமடைக்காரருக்குப் பாக்கெட்டில் இருப்பது செல்லத் துரை. பாக்கெட்டை ஒட்டும் பெண்ணுக்கு அது ஜீப்பில் வருகிற துரை. ஒரே சிவப்பு எழுத்து.

இதை நான் முதல் நாளிலேயே புரிந்துகொண்டிருந்தால் இந்த ஆய்வு இரண்டு பக்கத்தில் முடிந்திருக்கும்.

மாற்றச் சொன்னவர்கள்

முதல் தூண்டுதல் வெளியிலிருந்து வந்தது. பெங்களூரில் மலைப்பொருள்கள் விற்கும் ஒரு கடை மாதிரி கேட்டது. பாக்கெட்டைப் பார்த்ததும், "தூள் நன்றாக இருக்கிறது, இந்தப் படத்தை எங்கள் அலமாரியில் வைக்க முடியாது" என்று திருப்பி அனுப்பியது. இரண்டாவது தூண்டுதல் எழுத்துக்கூட்டல். தமிழில் ஒழுங்காக இருக்கும் பெயர் ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதப்படுகிறது. இணையத்தில் தேடினால் ஒன்றும் கிடைப்பதில்லை, அல்லது யாரோ ஒரு வக்கீல் கிடைக்கிறார். மூன்றாவது, போலி. வாரச்சந்தைகளில் அதே பச்சை, அதே மஞ்சள் வட்டத்தோடு "துறை மார்க்" என்று ஒன்று வந்திருந்தது. இடையின ரகரத்தை எடுத்துவிட்டு வல்லின றகரத்தைப் போட்டிருந்தார்கள். வாய்விட்டுச் சொன்னால் பலருக்கு வித்தியாசம் தெரியாது. தமிழாசிரியர்கள் எத்தனை ஆண்டு கத்தியும் நடக்காதது. ஒரு போலிக்காரன் ஒட்டுமொத்தக் கம்பெனியையும் ர-ற வேறுபாடு பார்க்க வைத்துவிட்டான்.

இந்த மூன்றில் எதுவும் பெயரை மாற்றப் போதுமான காரணம் அல்ல என்பதுதான் என் கருத்து. முதலாவது படத்தைப் பற்றிய புகார். இரண்டாவதற்கு ஒரே எழுத்துக்கூட்டலை முடிவுசெய்து எல்லா இடத்திலும் அதையே எழுதினால் போதும். மூன்றாவது, பெயருக்கு மதிப்பு இருக்கிறது என்பதற்கான சான்று. மதிப்பில்லாத பெயரை யாரும் திருடுவதில்லை.

கொழுந்து கொண்டுவரும் விவசாயிகளையும் கேட்டேன். எடைபோடும் இடத்தில் நின்ற ஒருவர் பாக்கெட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். "பெயர் மாற்றினால் கொழுந்துக்குக் கிலோவுக்கு எவ்வளவு கூடும்?" என்று கேட்டார். கூடாது என்றேன். அவர் காலிச் சாக்கை உதறிக்கொண்டு போய்விட்டார். சோவியத் யூனியன் உடைந்து தென்னிந்தியத் தேயிலையின் பெரிய சந்தை கைவிட்டுப் போனதிலிருந்து இந்த மலையில் சிறு விவசாயியின் கேள்வி இது ஒன்றுதான். நான் குறுக்கே பேச என்ன இருக்கிறது?

காரமடையில் ஒரு காலை

விற்பனைப் பிரதிநிதியோடு ஒரு நாள் கீழே போனேன். இருபது ஆண்டுகளாக அந்தத் தடத்தில் போகிறவர். அவருடைய ஆர்டர் புத்தகத்தைப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது: எந்தப் பக்கத்திலும் "துரை" என்று எழுதியிருக்கவில்லை. "தொ-2", "தொ-5" என்று இருந்தது.

"இது என்ன?"

"தொப்பி சார். கடைக்காரர்கள் தொப்பி என்றுதான் கேட்பார்கள்."

சிங்க மார்க், ஒட்டக மார்க் என்று படத்தைச் சொல்லிப் பொருள் கேட்டுப் பழகிய ஊர் இது. படிக்கத் தெரியாதவர்களுக்காகப் போட்ட படங்கள், படித்தவர்கள் வாயிலும் பெயராகிவிட்டன. கம்பெனியில் அப்பாவும் மகளும் எந்தப் பெயருக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்களோ, அந்தப் பெயரைக் கடைத்தெருவில் யாரும் சொல்லவே இல்லை.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடை ஒன்றில் ஒரு சோதனை செய்தோம். முந்தின நாள் தொழிற்சாலையில் ஒரே சாக்கிலிருந்து இரண்டு பாக்கெட் போட்டிருந்தோம்: ஒன்று வழக்கமான பச்சை, மற்றொன்று வேறு பெயர் ஒட்டிய வெள்ளை. மாஸ்டர் முதலில் பச்சையைப் பிரித்தார். துணி வடிகட்டியில் தூளைப் போட்டு, பாய்லர் தண்ணீரை ஊற்றி, டம்ளருக்கு மேலே தூக்கிப் பிழிந்தார். டிக்காக்‌ஷன் பாலில் விழுந்ததும் நிறம் பார்த்துத் தலையசைத்தார். அடுத்து வெள்ளைப் பாக்கெட். பிரிக்கும்போதே மோந்து பார்த்தார். பச்சையை அவர் மோந்து பார்க்கவில்லை. தூளை அரைக்கரண்டி கூடுதலாகவே போட்டார். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"திடம் இல்லை அண்ணா. நிறம் இறங்கவில்லை."

பிரதிநிதிக்குப் பொறுக்கவில்லை; இரண்டும் ஒரே சாக்கு என்று போட்டு உடைத்துவிட்டார். மாஸ்டர் கொஞ்சமும் அசரவில்லை. "ஒரே சாக்காக இருக்கட்டும். மேலே இருக்கிற தூளும் அடியில் இருக்கிற தூளும் ஒன்றா?" என்றார். டஸ்ட் ஏற்றி இறக்கும்போது பொடி அடியில் சேருவது உண்மைதான். அதனால் அவரை முட்டாள் என்று சொல்லவும் முடியவில்லை.

அன்று போன கடைகளில் பாதிக்கு மேல் இதே கதை. பாக்கெட் மாறினால் தூள் மாறிவிட்டது. இதுதான் டீக்கடையின் தர்க்கம். டீக்கடை மட்டும் அப்படியில்லை. 2009 ஜனவரியில் அமெரிக்காவில் டிராபிகானா ஆரஞ்சுச் சாறு தன் அட்டைப்பெட்டியை மாற்றியது. ஸ்ட்ரா குத்திய ஆரஞ்சுப் பழப் படத்தை எடுத்துவிட்டு ஒரு கண்ணாடித் தம்ளரைப் போட்டார்கள். உள்ளே இருந்த சாறு அப்படியேதான் இருந்தது, பெயர்கூட மாறவில்லை. இரண்டு மாதத்துக்குள் விற்பனை ஐந்தில் ஒரு பங்கு சரிந்தது. பிப்ரவரி முடிவதற்குள் பழைய பெட்டிக்கே திரும்புவதாக அறிவித்துவிட்டார்கள்.

மற்றவர்கள் செய்தது

பெயர் மாற்றம் என்றதும் எல்லோரும் முதலில் சொல்வது ஃபேர் அண்ட் லவ்லி. 1975 இல் வந்த களிம்பு. 2020 இல் "ஃபேர்" போய் "க்ளோ" வந்தது. பெட்டிக்கடையில் இன்றும் பழைய பெயரைச் சொல்லிக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், கடைக்காரரும் புதியதை எடுத்துக் கொடுக்கிறார். கம்பெனிக்கு ஒன்றும் நட்டமில்லை. ஆனால் ஆண்களுக்கான களிம்புக்கு வைத்த புதுப்பெயர் போட்டிக் கம்பெனியோடு வழக்கில் போய் நின்றது. பழைய பெயரின் சங்கடத்திலிருந்து தப்பிப்பதற்காகப் புதுப்பெயரின் வம்பில் மாட்டுவது புதிதல்ல.

எங்கள் விவகாரத்துக்கு நெருக்கமானவை வேறு இரண்டு. கிழக்காசியாவில் பிரபலமான "டார்க்கி" பற்பசை. கறுப்பு வேடம் பூசிய ஒருவர் பல்லைக் காட்டிச் சிரிக்கும் படம். 1985 இல் கால்கேட் அதில் பாதிப் பங்கை வாங்கியது. அமெரிக்காவில் எதிர்ப்பு கிளம்பவே 1989 இல் ஆங்கிலப் பெயரில் ஒரே ஓர் எழுத்தை மாற்றி "டார்லி" ஆக்கினார்கள், முகத்தையும் மாற்றினார்கள். ஆனால் "கறுப்பர் பற்பசை" என்ற பொருள் தரும் சீனப் பெயரைத் தொடவில்லை. அது மாற மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. யார் கேள்வி கேட்டார்களோ அவர்களுடைய மொழியில் மட்டும் திருத்தம். பெங்களூர்க் கடைக்காகப் பாக்கெட்டை மாற்றலாம் என்று மகள் முதலில் சொன்னபோது எனக்கு நினைவுக்கு வந்தது இதுதான்.

மற்றொன்று அமெரிக்காவின் ஆன்ட் ஜெமைமா, 1889 முதல் இருந்த பான்கேக் மாவு. கறுப்பினச் சமையல்காரப் பெண்ணின் படம். 2020 ஜூனில் மாற்றப்போவதாக அறிவித்தார்கள். முதலில் படம் போயிற்று. பெயர் சில மாதங்கள் படமில்லாமல் நின்றது. 2021 இல் பெயரும் போயிற்று. புதுப்பெயரை வெளியே தேடவில்லை. அந்த மாவு முதன்முதலில் உருவான மில்லின் பெயரான பேர்ல் மில்லிங் கம்பெனியையே எடுத்துக்கொண்டார்கள். பெயர் எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. சிமெண்ட் மூட்டைக்கு வைத்தது போலிருக்கிறது. ஆனால் படம் முன்னே, பெயர் பின்னே என்ற வரிசை எனக்குப் பின்னால் உதவியது.

மேலிருந்து வரும் பெயர் மாற்றங்களுக்கு நம் பக்கத்திலேயே எடுத்துக்காட்டுகள் உண்டு. 2023 மார்ச்சில் தயிர் பாக்கெட்டில் "தஹி" என்று அச்சிட்டு உள்ளூர்ச் சொல்லை அடைப்புக்குறிக்குள் போடச் சொன்னது உணவுப் பாதுகாப்பு ஆணையம். தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் எதிர்ப்பு எழுந்ததும் அந்த மாதம் முடிவதற்குள் உத்தரவைத் திருத்தியது. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அரசாணை வெளியிட்டு, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. இவ்வளவு தூரம் போவானேன்? நான் தங்கியிருந்த மாவட்டத்தின் தலைநகரையே பாருங்கள். ரயில் நிலையப் பலகையில் உதகமண்டலம், செய்தித்தாளில் உதகை, கண்டக்டர் வாயில் ஊட்டி. ஒருவரும் வழி தவறிப் போவதில்லை. ஊருக்கு மூன்று பெயர் தாங்கும். ஊரை யாரும் போலி செய்ய முடியாது. டீத்தூளுக்கு அது தாங்குமா என்பதுதான் கேள்வி.

காகிதங்கள்

இந்தப் பகுதி அலுப்பானது. ஆனால் பல சிறு கம்பெனிகள் இங்கேதான் கால் வழுக்கி விழுகின்றன.

தாத்தா டீத்தூள் அடங்கும் 30 ஆம் வணிகக் குறி வகுப்பில் பதிவு செய்திருந்தது பெயரை மட்டுமல்ல. வட்டம், தொப்பி, பெண், எழுத்து எல்லாம் சேர்ந்த முழு லேபிளை. வணிகக் குறிச் சட்டப்படி அப்படிப் பதிவு செய்தால் உரிமை முழு லேபிளுக்குத்தான். உள்ளே இருக்கும் தனிச்சொல்லுக்குத் தனி உரிமை தானாக வராது. "துரை" பாதி ஊருக்குப் பெயராக இருக்கும்போது அந்தச் சொல்லைத் தனியாகப் பதிவு செய்வதும் எளிதல்ல. லேபிளைத் திருத்த 59 ஆம் பிரிவில் வழி உண்டு. ஆனால் அடையாளம் பெரிதாக மாறாத திருத்தமாக இருக்க வேண்டும். தொப்பியையும் பெண்ணையும் எடுத்தால் மாறாதது என்ன மிச்சம்? எனவே புதிய விண்ணப்பம்தான். சிறு நிறுவனத்துக்கு இணையவழியில் 4,500 ரூபாய், பெரியவர்களுக்கு 9,000. வணிகக் குறி இதழில் வெளியானபின் மற்றவர்கள் மறுப்புத் தெரிவிக்க நான்கு மாத அவகாசம். பணம் பெரிதல்ல, காத்திருப்புதான் பெரிது.

இதைவிட முக்கியமானது 47 ஆம் பிரிவு. பதிவு செய்த குறியை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்தாமல் விட்டால், பதிவேட்டிலிருந்து அதை நீக்கும்படி வேறொருவர் கேட்கலாம். "துரையை நிறுத்திவிட்டுப் புதுப்பெயருக்குப் போவோம்" என்று மகள் சொன்னபோது, வல்லின றகரத்துக்காரன் காத்திருப்பான் என்றேன். பழைய வீட்டைக் காலி செய்தால் பூட்டையாவது போட்டுவிட்டு வர வேண்டும்.

பிறகு அச்சு. பாக்கெட் பிலிமில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர் செதுக்க வேண்டும்; இந்தப் பாக்கெட்டுக்கு ஏழு. அச்சகம் குறைந்த அளவு ரோல் எடுக்காது. பழைய ரோல் கிடங்கில் பல மாதங்களுக்கு இருந்தது. பிராண்டின் பெயர் மாறினால் 890 என்று தொடங்கும் 13 இலக்கப் பட்டைக்குறியும் புதிதாக வாங்க வேண்டும். சூப்பர் மார்க்கெட் கணினிகளில் பழைய கணக்கோடு புதியது சேராது. டீக்கடைத் தகரப் பலகைகள், வேன், மேட்டுப்பாளையம் சாலையில் ஒரு வீட்டின் பக்கச்சுவர் முழுக்க எழுதிய விளம்பரம். அந்தச் சுவருக்கு மட்டும் தாத்தா காலத்திலிருந்து வாடகை கொடுக்கிறார்கள். வருடத்துக்கு இவ்வளவு கிலோ டீத்தூள் என்பதுதான் வாடகை.

என் அறிக்கையும் அதன் பிழையும்

நான் எழுதிக் கொடுத்த முதல் அறிக்கையின் சாரம்: பெயரை மாற்ற வேண்டாம். தொப்பியைத் தனியாக எடுத்துப் பெரிதாக்குங்கள். கடைத்தெரு வைத்த பெயர் அது. இலவசமாகக் கிடைத்த பெயர். பெண் படத்தை விரும்பினால் எடுக்கலாம். அப்பாவுக்கு மகிழ்ச்சி. மகள் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எத்தனை பேரிடம் பேசினீர்கள் சார்?"

கடைக்காரர்கள், விநியோகஸ்தர்கள், விவசாயிகள், வக்கீல், அச்சகத்தார் என்று பட்டியலைச் சொன்னேன்.

"பேக்கிங் ரூமில்?"

நான் பேசவில்லை. ஐந்து நாள் அந்த அறையைத் தாண்டித்தான் அலுவலகத்துக்குப் போய்வந்திருந்தேன்.

மறுநாள் போனேன். பதினோரு பெண்கள். சீல் வைக்கும் இயந்திரத்துக்கு முன்னால் இருந்தவர் அறுபதைத் தாண்டியவர். சிறுமியாக இருந்தபோது, இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்த குடும்பம். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர். இலங்கையில் பெற்றோர் கொழுந்து பறித்தார்கள். இங்கே வந்தும் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் அதே வேலை. அப்படி வந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்காகத்தான் நீலகிரியில் அந்தத் தோட்டங்கள் போடப்பட்டன. அவர் கையில் ஒரு நாளைக்கு எத்தனை துரைகள் கடந்து போவார்கள் என்று கணக்கில்லை.

படத்தைக் காட்டிக் கேட்டேன். அவர் இயந்திரத்தை நிறுத்தவில்லை. அடுத்த பாக்கெட்டை வைத்து அழுத்திக்கொண்டே சொன்னார்:

"தொப்பிக்காரர் இப்படி நின்றது உண்மைதான் ஐயா. கூடை சுமந்தவள் இப்படிச் சிரித்துக்கொண்டு நிற்கவில்லை."

பக்கத்திலிருந்த பெண்கள் சிரித்தார்கள். நான் அடுத்த கேள்வியைக் கேட்டேன்: பெயரையும் எடுத்துவிடலாமா?

"பெயர் என்ன செய்தது? என் அண்ணன் பெயர்கூடத் துரைராஜ்தான்."

நான்கு வாரம் ஓடியாடித் தேடியது இரண்டு வரியில் முடிந்துவிட்டது. பிரச்சினை பெயரில் இருப்பதாக மகளும், பெருமை பெயரில் இருப்பதாக அப்பாவும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டுமே படத்தில் இருந்தன. "துரை" என்பது இரண்டு உயிர் உள்ள சொல். எந்த உயிரோடு பேச வேண்டும் என்பதைத் தொப்பிதான் முடிவுசெய்துகொண்டிருந்தது. தொப்பியைப் பெரிதாக்கச் சொன்ன நான், செல்லத் துரையைத் துரத்திவிட்டு ஜீப் துரைக்கு மேடை போட்டுக் கொடுத்திருந்தேன். கடைத்தெருவின் வாய்க்கு மரியாதை கொடுத்தது சரி. வாங்குகிறவர் வேண்டாமென்றால் வேறு பாக்கெட் எடுத்துக்கொள்வார். ஒட்டுகிறவருக்கு வேறு பாக்கெட் கிடையாது. அவரை விட்டுவிட்டு எழுதிய அறிக்கையை அறிக்கை என்று சொல்வதற்கே வெட்கமாக இருந்தது. அதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். கட்டணத்தையும் குறைத்துக்கொண்டேன் என்று எழுத ஆசைதான், ஆனால் குறைக்கவில்லை.

செய்தது

இரண்டாவது அறிக்கை ஒன்றரைப் பக்கம். படம் உடனே போக வேண்டும், பெண்ணும் தொப்பியும் சேர்ந்து. பச்சையும் மஞ்சள் வட்டமும் சிவப்பு எழுத்தும் அப்படியே இருக்கட்டும். தூரத்திலிருந்து கண்ணுக்குத் தெரிவது அவைதான். வட்டத்துக்குள் ஒரு டீக்கடை டம்ளர். டீக்கடைக்குப் போகும் ஒரு கிலோ பாக்கெட்டில் "துரை மார்க்" தொடரட்டும். புதிய லேபிளுக்குப் புதிய விண்ணப்பம். பெயர் புழக்கத்தில் இருக்கும்வரை அதை வல்லின றகரத்துக்காரனுக்கு விட்டுக்கொடுத்ததாகாது. வீடுகளுக்குப் போகும் சிறு பாக்கெட்டிலும் வெளியூருக்குப் போவதிலும் தாத்தாவின் சொந்தப் பெயர் பெரிதாக, பழைய மார்க் அடியில் சிறிதாக. தாத்தா பிழைக்க வேறொருவரின் பதவியைக் கடன் வாங்கினார். பேரப்பிள்ளைகள் அவர் பெயரையே போட்டால் போதும் என்றேன். வாதமாக அது கொஞ்சம் மலிவானதுதான், ஆனால் அப்பாவிடம் எடுபட்டது. அவர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: இதை யாரும் பெயர் மாற்றம் என்று சொல்லக் கூடாது.

விற்பனைப் பிரதிநிதி கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. "தொப்பி இல்லாமல் தொப்பியை எப்படி விற்பது சார்?" என்று கேட்டார். அவருக்காக ஆறு வாரம் மாஸ்டர்களின் கண்ணெதிரே பழைய பாக்கெட்டும் புதிய பாக்கெட்டும் ஒன்றாகவே போயின. ஒரு பெட்டியில் பாதி பாதி. பழையதைப் பிரித்துப் போட்ட டப்பாவிலேயே புதியதையும் கொட்டியபோது திடம் இல்லை என்ற புகார் குறைந்தது. ஆனாலும் சில கடைகள் நழுவின. அன்னூர்ப் பக்கத்தில் இரண்டு கடைகள் வல்லின றகரத்துக்கே மாறிவிட்டன. தொப்பி அங்கேதானே இருக்கிறது! ஒன்று திரும்பி வந்தது. பெங்களூர்க் கடை முதல் சரக்கை எடுத்துக்கொண்டது, ஆனால் அளவு சிறியது. அதை நம்பி யாரும் இந்த வேலையில் இறங்கக் கூடாது.

எனக்கு இன்னும் உறுத்துவது இரட்டைப் பெயர். சின்னக் கம்பெனிக்கு இரண்டு பெயர் என்றால் இரண்டு அச்சு, இரண்டு இருப்பு, விளம்பரக் காசும் இரண்டாகப் பிரியும். வீட்டுப் பாக்கெட் காலூன்றிய பிறகு டீக்கடைப் பாக்கெட்டையும் அந்தப் பெயருக்குக் கொண்டுவர வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். எப்போது என்பதை அவர்கள்தான் முடிவுசெய்ய வேண்டும்.

கடைசியாக அந்தச் சுவர். புதுப் பாக்கெட் வந்த பிறகு ஒரு மாலை, சுவர் எழுதுகிற பெரியவர் மேட்டுப்பாளையம் சாலையிலிருந்து கைபேசியில் கூப்பிட்டார். வாளியில் வெள்ளையைக் கரைத்து வைத்துவிட்டுக் கேட்கிறார்: முழுச் சுவரையும் அடிக்கவா, படத்தை மட்டும் அடிக்கவா? அப்பா பதில் சொல்லாமல் கைபேசியை மகளிடம் கொடுத்தார்.

"படத்தை மட்டும் அடித்துவிடுங்கள் ஐயா. எழுத்தைத் தொட வேண்டாம், புதிதாக எழுதவும் வேண்டாம். மழையில் அதுவாகப் போகட்டும்."

"அது எனாமல் பெயின்ட் அம்மா" என்றார் பெரியவர். "போக ரொம்ப நாள் ஆகும்."